சுடுதளத்தில் வாய் திறப்பது பற்றி: ரைபிள் கிளப் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



சுடுதளங்களின் சுவர்களில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கியை எத்திசையில் பிடிக்க வேண்டும், எப்போது குண்டேற்ற வேண்டும், எந்தக் கட்டளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் பலகையில் எழுதித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அப்பலகைகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று உண்டு: பக்கத்தில் நிற்பவர் அவ்விதிகளில் ஒன்றை மீறும்போது, அதைக் கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பது. நடைமுறையில் கண்டவர் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை; பார்வையைத் திருப்பிக்கொள்கிறார், அல்லது தளத்தைவிட்டு வெளியே வந்தபின் நம்பகமான ஒருவரிடம் மட்டும் சொல்லி வருந்துகிறார். அந்த மௌனம் மரியாதை என்ற பெயரில் உலவுவதால் அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை; அதனாலேயே அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

சுடுதளம் மூன்று பகுதிகளால் ஆனது: சுடுபவர்கள் வரிசையாக நிற்கும் அல்லது படுக்கும் சுடுகோடு, 10, 25, 50 மீட்டர் என விதிக்கப்பட்ட தொலைவில் அமைந்த டார்கெட், அதற்குப் பின்னால் குண்டைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு அல்லது சுவர். குழல்வாய் (மசில்), அதாவது குண்டு வெளியேறும் முனை, இந்த நேர்கோட்டில் இருக்கும்வரைதான் அவ்விடம் விளையாட்டரங்கமாக இருக்கிறது. கோட்டைவிட்டு அது விலகும் நொடியில் எவ்வளவு உயரமாகக் கட்டிய சுவரும் பயனற்றுப் போகிறது. 50 மீட்டர்ப் போட்டியில் பயன்படும் பாயிண்ட் 22 ரைபிளின் சிறிய தோட்டாகூடத் தடையின்றிச் சென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குப் போகக்கூடியது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகில் பசுமலைப்பட்டியில் இருந்த சுடுதளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே தன் தாத்தாவின் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்ததும், சில நாள்களில் அவன் இறந்துபோனதும் தமிழ்நாட்டில் சுடுதளம் நடத்தும் எவரும் மறக்கக் கூடாதவை. அது படையினர் பயிலும் தளம், கிளப் அன்று. அங்கே கையாளப்பட்டவை போட்டித் துப்பாக்கிகளும் அல்ல. ஆயினும் தளத்தை விட்டு வெளியேறும் குண்டு யாரைச் சென்றடையும் என்பதைச் சுட்டவர் அறிய வழியில்லை என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது. பிற விளையாட்டுகளில் ஒருவரின் கவனக்குறைவு பெரும்பாலும் அவருடைய புள்ளிகளையே பாதிக்கிறது. இங்கே அதன் விலையை இன்னொருவர் கொடுக்கிறார். ஆகவே இங்கே ஒருவர் நடந்துகொள்ளும் முறை அவருடைய சொந்த விஷயமாக ஒருபோதும் இருக்க முடியாது.

ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தக் கவனம் மேலும் தளர்ந்துவிடுகிறது. அழுத்தப்பட்ட காற்றின் விசையால் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைச் செலுத்தும் இத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டாத் துப்பாக்கிக்குரிய உரிமம் தேவைப்படுவதில்லை, சத்தமும் குறைவு, பிள்ளைகள் முதலில் தொடுவதும் இவற்றையே. ‘வெறும் காற்றுத்தானே’ என்ற எண்ணம் அங்கிருந்து பிறக்கிறது. ஒரு கண்ணைப் போக்குவதற்கு அந்தக் காற்றே போதும். மேலும், பத்து வயதில் ஏர் ரைபிளோடு பழகும் கைப்பழக்கம்தான் பின்னாளில் பாயிண்ட் 22 ரைபிளுக்கும் போகிறது. ஏர் ரைபிளில் கண்டும் காணாமல் விடப்பட்ட பிழை அங்கே சென்று திருந்துவதில்லை.

எந்தத் துப்பாக்கியையும் குண்டேற்றப்பட்டதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழல்வாய் திரும்பக் கூடாது. குறி நிலைபெறும்வரை விசையை, அதாவது டிரிகரை, விரல் தொடக் கூடாது. குறி எது, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்பவை தெரிந்திருக்க வேண்டும். 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவிய ஜெஃப் கூப்பரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த நான்கு விதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் ஒருவர் மீறினால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை; இரண்டு மீறல்கள் ஒரே கணத்தில் சேரும்போதுதான் உயிர் போகிறது. இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. வாய் திறக்க வேண்டிய வேளை, முதல் பிழை நிகழ்ந்தும் ஒன்றும் ஆகாமல் கடந்துபோகிற வேளையே. சொல்வதற்கு மிகக் கடினமான வேளையும் அதுவே, ஏனெனில் சுட்டிக்காட்டுவதற்குச் சேதம் எதுவும் கண்முன் இல்லை; சொல்பவர் சிறியதைப் பெரிதாக்குபவராகத் தெரிகிறார்; ‘காலியாத்தான் இருக்கு’ என்ற பதில் உடனே வருகிறது. முதல் விதி தடுக்க முயல்வது அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் மனநிலையைத்தான். தவறுதலாகச் சுடப்பட்ட துப்பாக்கிகளில் பல, காலியாக இருக்கிறது என்று ஒருவர் உறுதியாக நம்பியவையே.

சேஃப்டி ஃபிளாக் என்று வழங்கும் சிறு பொருளைச் சற்று ஆராய்ந்தால் இந்த விளையாட்டின் ஒழுக்கம் எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். பளிச்சென்ற ஆரஞ்சு போன்ற நிறத்தில் அமைந்த இந்தப் பிளாஸ்டிக் துண்டை அல்லது இழையைக் குண்டறைக்குள், அதாவது சுடப்படுவதற்கு முன் குண்டு அமரும் இடத்தில், செருகி வைப்பார்கள். அது வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று பொருள். ஏர் ரைபிளானால் அந்த இழை குழலின் முழு நீளத்துக்கும் ஊடே செல்ல வேண்டும் என்று உலகத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டை நெறிப்படுத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதித்திருக்கிறது. தன் துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா என்பதைச் சுடுபவர் தானே திறந்து பார்த்து அறிந்துகொள்ளலாம். அவருக்காக மட்டுமென்றால் இந்த ஆரஞ்சு இழை தேவையில்லை. அடுத்தவர்கள் தொலைவிலிருந்தே பார்க்கட்டும் என்பதற்காகவே அது வண்ணமிடப்பட்டிருக்கிறது. சுடுகோட்டில் ஒவ்வொருவரும் மற்றவர்களால் பார்க்கப்பட வேண்டியவர் என்பதையும், பார்ப்பவர் இழை இல்லாததைக் கண்டால் சொல்ல வேண்டியவர் என்பதையும் அந்த நிறமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

1907இல் சூரிச்சில் தொடங்கப்பட்ட அக்கூட்டமைப்பு இதை வெறும் குறிப்பாக விட்டுவிடவும் இல்லை. ஆபத்தான அல்லது விபத்துக்கு இடந்தரக்கூடிய எந்த நிலையையும் போட்டியாளர்களும் அணி அதிகாரிகளும் உடனடியாக ரேஞ்ச் ஆபீசருக்கோ, நடுவர் குழுவான ஜூரியின் உறுப்பினருக்கோ தெரிவித்தாக வேண்டும் என்பது அதன் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. ரேஞ்ச் ஆபீசர் என்பவர் கட்டளைகளைப் பிறப்பித்துச் சுடுகோட்டின் ஒழுங்கைக் காப்பவர். தெரிவிக்கலாம் என்று அவ்விதி சொல்லவில்லை. தெரிவித்தாக வேண்டும் என்றே சொல்கிறது. எனவே பிறர் செய்யும் பாதுகாப்புப் பிழையைக் கண்டும் பேசாமல் இருப்பவர், பண்பாக ஒதுங்கிக்கொண்டவர் அல்லர். தாமும் ஒரு விதியை மீறியவர். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, மாவ்லங்கர் போட்டி என்று படிப்படியாக ஏறும் பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டின் தடிமன் முதல் விசையின் எடை வரை விதிநூலிலிருந்து எடுத்துச் சொல்லப்படுகிறது. இந்த ஒரு வரி எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது என்பதைக் கோச்சுகள் தமக்குள் கேட்டுப்பார்க்க வேண்டும்.

தெரிந்திருந்தும் பேசாமல் போவதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிழை செய்பவர் வயதில் மூத்தவர். அல்லது ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. அல்லது குழுவில் பொறுப்பு வகிப்பவர், தளத்தின் கூரைக்கு நன்கொடை கொடுத்தவர், பதக்கங்கள் பெற்றவர். அவரை நோக்கி நேற்றுச் சேர்ந்த கல்லூரி மாணவி, ‘சார், மசில் இந்தப் பக்கம் திரும்புது’ என்று சொல்வதை நம் சூழல் துடுக்குத்தனமாகவே பார்க்கிறது. அந்த மாணவியின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. பெரியவர்களைப் பலர் முன்னிலையில் திருத்தக் கூடாது என்று சிறு வயதிலிருந்து நல்ல எண்ணத்தோடு கற்பிக்கப்பட்டதை அவர் நேர்மையாகக் கடைப்பிடிக்கிறார். அடுத்த மாதம் தேர்வுப் பட்டியல் போடும்போது அதே பெரியவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். எனவே குறையை அவரிடம் தேடுவது நியாயமன்று. தம்மைத் திருத்தும் அனுமதியை முன்கூட்டியே, எல்லோர் முன்னிலையிலும், வாய்விட்டு வழங்காத மூத்தவர்களிடமே அது இருக்கிறது.

அனுபவமே பாதுகாப்பு என்று நம்பும் மூத்தவர்களுக்கு விமானத் துறை ஒரு கடும் பாடத்தை விட்டுச்சென்றிருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் மூடுபனிக்கிடையே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். அவற்றில் ஒன்றின் தலைமை விமானி தம் நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளித்துவந்தவர். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று அவருடைய பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னதும் அந்த ஐயம் அடங்கிப்போனது. விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த பிறகே, தலைமை விமானியிடம் மறுத்துப் பேசுவதற்கு இளையவர்களுக்கும், அதைக் கேட்டு நிறுத்துவதற்குத் தலைமை விமானிகளுக்கும் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சி முறை உருவாயிற்று. சுடுதளத்திலேயே நிகழ்ந்த சான்றும் உண்டு. 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் ஒரு தளத்தில், பயிற்றுநர் ஒருவர் ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தொடர்ந்து சுடும் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்து அருகில் நின்றார். பின்னுதைப்பின் விசையைச் சிறுமியால் தாங்க முடியாமல் துப்பாக்கி மேல்நோக்கித் திரும்பிவிட, குண்டு பாய்ந்து அந்தப் பயிற்றுநர் உயிரிழந்தார். அங்கே தவறான முடிவை எடுத்தவர், விதிகளைக் காக்க நியமிக்கப்பட்டவரே. அத்தகைய இடத்தில் பெற்றோர் வாய் திறக்கத் தகுதி உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களுக்கும் ஒரு குழந்தையின் கைவலிமை எவ்வளவு என்பது தெரியும்.

இனி, எவ்வாறு சொல்வது என்பது. இதில் ஒரு நுட்பத்தைப் பலரும் அறிவதில்லை: துப்பாக்கி பிடித்திருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கவே கூடாது. பெயரைக் கேட்டதும் மனிதர் இயல்பாகத் திரும்பிப் பார்க்கிறார். உடல் திரும்பும்போது கையிலுள்ள துப்பாக்கியும் கூடவே திரும்பி, அழைத்தவரையே நோக்கிவிடுகிறது. பின்னாலிருந்து தோளைத் தொடுவதும் அவ்வாறே ஆபத்தானது. ‘ஸ்டாப்’ என்ற ஒரே சொல்லை, காதடைப்பான் அணிந்தவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குமேல் விளக்கம், அடைமொழி, குற்றச்சாட்டு எதுவும் அந்தக் கணத்தில் வேண்டியதில்லை. இது உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளபோது: சுடுகோட்டைத் தாண்டி யாரேனும் டார்கெட்டின் பக்கம் நடந்துகொண்டிருக்கையில் ஒருவர் துப்பாக்கியைத் தொடுவது, குழல்வாய் பக்கவாட்டில் திரும்புவது, விசையை இழுத்தும் வெடிக்காத பாயிண்ட் 22 தோட்டா சற்றுத் தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதை அறியாமல் ஒருவர் துப்பாக்கியைத் தம் பக்கம் திருப்பிப் பார்ப்பது போன்றவை. உடனடி ஆபத்து இல்லாத மீறல்களை, அதாவது மேசைமேல் இழை செருகாமல் வைத்த துப்பாக்கி, காலித் தோட்டாக்களோடு கலந்து கிடக்கும் சுடாத தோட்டா போன்றவற்றை, ரேஞ்ச் ஆபீசரிடம் தெரிவித்தால் போதும். அவர் சொல்லும்போது அது தனிமனிதப் பூசலாக மாறாது.

சொல்வதைவிட ஏற்றுக்கொள்வது கடினம். இம்மடல் மிகுதியாக வேண்டுவதும் அதையே. ‘ஸ்டாப்’ என்ற குரல் கேட்டதும், அது யாருடைய குரல், அவருக்கு என்ன தெரியும், அவர் எத்தனை நாளாகச் சுடுகிறார் என்ற கேள்விகள் எவையும் எழாமல் விரலை எடுத்து, துப்பாக்கியைக் காலிசெய்து, கீழே வைக்க வேண்டும். காரணம் பிறகு கேட்கப்படலாம். அழைத்தது தவறான எச்சரிக்கையாக இருந்தாலும், அழைத்தவருக்கு நன்றி சொல்லப்பட வேண்டும், அதுவும் மற்றவர்கள் கேட்கும்படி. தவறான எச்சரிக்கையால் இழப்பது சில நொடிகளே; போட்டியில்கூட, தம் பிழையின்றி மூன்று நிமிடங்களுக்கு மேல் தடைபட்டவர் இழந்த நேரத்தைக் கேட்டுப் பெறலாம் என்று விதி இடமளிக்கிறது. ஒருமுறை எச்சரித்ததற்காக ஏளனம் செய்யப்பட்டவரோ, அடுத்த முறை உண்மையான ஆபத்தைக் கண்டாலும் தயங்குவார். அந்த இழப்பை எந்த விதிநூலும் ஈடுசெய்யாது. ஒரு கிளப்பின் தலைவரோ தலைமைக் கோச்சோ, பதினான்கு வயதுப் பிள்ளையின் குரலுக்குக் கட்டுப்பட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ‘நல்லாப் பாத்தேப்பா’ என்று சொல்வதைத் தளத்தில் உள்ள அனைவரும் ஒருமுறை கண்டுவிட்டால், பத்து வகுப்புகள் செய்ய முடியாததை அது செய்துவிடும்.

வாய் திறக்கும் இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். எல்லை தெரியாதபோது உரிமை தொல்லையாகிவிடும். அடுத்தவரின் நிற்கும் முறை, மூச்சை அடக்கும் விதம், முழங்கையின் கோணம் ஆகியவை பாதுகாப்பைச் சேர்ந்தவை அல்ல. கேட்காமல் அவற்றில் அறிவுரை கூறுவது மரியாதையின்மை. தனியாகப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு ஒவ்வொரு ஆணும் தாமாகவே ஆசிரியராகிவிடும் வழக்கத்தைக் கிளப்புகள் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடங்கள்; உச்சப் புள்ளிக்குரிய மையம் அரை மில்லிமீட்டர் அளவே உள்ள புள்ளி. அந்த ஒருமுகத்தைக் குலைக்கும் பேச்சு, பின்னால் நின்று அடுத்தவரின் திரையைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுவது, ஒலியடங்காத கைப்பேசி, பளிச்சிடும் புகைப்பட விளக்கு, உரியவரைக் கேட்காமல் அவர் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் பிழைகளே. ஆனால் அவற்றுக்கு ‘ஸ்டாப்’ தேவையில்லை. அவர் சுட்டு முடித்து வெளியே வரும்வரை பொறுத்து, தனியே, தணிந்த குரலில் சொல்வதே முறை. பெல்லட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் பிஸ்கட் உண்ணும் பிள்ளையிடம் மட்டும் அப்போதே சொல்லலாம். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை.

விருந்தினர்கள் வரும் நாள்களைத் தனியே குறிப்பிட வேண்டும். போட்டித் தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் புகைப்படத்துக்காகத் துப்பாக்கியை ஏந்தும்போதும், ஆயுத பூசை அன்று பொட்டிட்டு வரிசையாக வைக்கப்பட்ட துப்பாக்கிகளைக் குழந்தைகள் சூழ்ந்து நிற்கும்போதும், சுடுகோட்டின் விதிகள் ஓய்வெடுத்துக்கொள்வதாக எல்லோரும் எண்ணிக்கொள்கின்றனர். புகைப்படக்காரரை நோக்கிக் குழல்வாய் நீளும் அந்தக் கணத்தில், மாலை அணிந்த விருந்தினரிடம் யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். அந்த வேலையை முன்னதாகவே ஒருவருக்கு ஒப்படைத்து, அவர் சொல்வதை விருந்தினர் ஏற்பார் என்று அழைப்பின்போதே தெரிவித்துவிட்டால், யாருக்கும் சங்கடம் நேராது.

நிர்வாகக் குழுக்களிடம் வேண்டுவது சிலவே. புதிய உறுப்பினர் முதல் நாளில் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன், ‘ஸ்டாப்’ என்று உரக்கக் கூவப் பழக்கப்பட வேண்டும். அந்தக் குரலுக்கு அன்று தளத்தில் உள்ள மூத்தவர்கள் கட்டுப்பட்டுக் காட்ட வேண்டும். ரேஞ்ச் ஆபீசராகப் பொறுப்பேற்றவர் அந்த நேரத்தில் தாமும் சுடக் கூடாது. சுடுபவரின் கண் டார்கெட்டில் இருக்கும், மற்றவர்கள்மேல் இராது. நேரவிருந்து நேராமல் போனவற்றை, செய்தவர் பெயரும் சொன்னவர் பெயரும் இல்லாமல் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வேண்டும். அதை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். சுவரில் தொங்கும் பலகையில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: யார் ‘ஸ்டாப்’ சொன்னாலும் அனைவரும் நிறுத்த வேண்டும், ஏன் என்பது துப்பாக்கிகள் கீழே வைக்கப்பட்ட பிறகே கேட்கப்படும். அந்த வரியின் கீழே முதல் கையொப்பத்தைத் தலைவர் இட வேண்டும், அடுத்ததைத் தலைமைக் கோச் இட வேண்டும். பிள்ளைகளின் கையொப்பம் அதற்குப் பின் வரலாம்.